எழுபத்தெட்டு பேர் விமானத்துக்கு எங்கே இடம்?

மாங்காட்டில் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்களுக்குச் சத்தத்தை வைத்தே விமானம் தெரியும். ஏர்பஸ் என்றால் வானத்தைக் கிழித்துக்கொண்டு போகிற இரைச்சல். ஏடிஆர் என்றால் பெரிய விசிறியை முழு வேகத்தில் வைத்தது போன்ற சீரான உறுமல். அண்ணாந்து பார்த்தால் இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், அதில் இரண்டு புரொப்பெல்லர்கள் சுற்றும், வயிற்றோரத்திலிருந்து சக்கரங்கள் இறங்கும். காமாட்சியம்மன் கோயில் வரிசையில் எலுமிச்சம்பழத்தோடு நிற்கிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிவிட்டது.

சென்னை விமான நிலையமான மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். முதன்மையானது 3,658 மீட்டர். இரண்டாவது, சிறிய விமானங்களுக்கு அதிகம் கைகொடுப்பது, அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. அதன் வடமேற்கு முனை கொளப்பாக்கம் பக்கம் முடிகிறது. அந்தக் கோட்டை இன்னும் நீட்டிப் பார்த்தால் கெருகம்பாக்கம் தாண்டி எங்கள் மாங்காட்டுப் பக்கம்தான் வரும். ஆனால் இந்த இரண்டு பாதைகளும் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. ஒன்றில் விமானம் ஓடும்போது மற்றதில் வருவது காத்திருக்க வேண்டும். இரண்டு ஓடுபாதை இருந்தும் சென்னைக்கு இரண்டு மடங்கு பலன் கிடைக்காததற்கு இதுவே காரணம்.

ஆண்டுக்கு இரண்டு கோடிப் பேருக்கு மேல் வந்துபோகும் இடத்தில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. ஏடிஆரில் எழுபத்தெட்டு பேர். ஏ320-இல் நூற்றெண்பது பேருக்கு மேல். இறங்குவதற்கு இரண்டுக்குமே ஒரு முறைதான், ஒரு ஸ்லாட்தான். போதாததற்கு, ஏடிஆர் மெதுவாக இறங்கும். பின்னால் வேகமாக வரும் ஜெட், குன்றத்தூர் சாலையில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய பஸ் மாதிரி இடைவெளி விட்டு வர வேண்டும். பெரிய விமானத்துக்குப் பின்னால் சிறியது வந்தாலும் சிக்கல்தான். அகலமான விமானம் தன் இறக்கை நுனிகளிலிருந்து காற்றைச் சுருட்டி விட்டுச் செல்லும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுழலில் சிக்கினால் சிறிய விமானம் புரண்டுவிடக்கூடும். கனரக விமானத்துக்குப் பின்னால் ஏடிஆர் போன்றது ஐந்து கடல் மைல், அதைவிடச் சிறியது ஆறு கடல் மைல் தள்ளித்தான் வரலாம் என்பது உலக விதி. அந்த இடைவெளியெல்லாம் நேரம்.

அதனால்தான் நெரிசல் என்றதும் முதல் யோசனையாக எல்லா ஊரிலும் ஒன்றையே சொல்கிறார்கள்: சின்ன விமானங்களை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

சொல்லச் சுலபம். சென்னையின் வான்வழி பிறந்ததே சின்ன விமானத்தில்தான் என்பதை நினைக்கும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை. 1910-இல் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் ஒரு விமானம் செய்யச் சொல்லி, பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் ஜூஹூவுக்குக் கொண்டுவந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஓர் எஞ்சின் வைத்த புஸ் மாத் விமானம் அது. மூன்று ஆண்டு கழித்து, 1935 நவம்பரில், கொழும்பை அடுத்த இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியதும் ஒரு புஸ் மாத்தான். ஓட்டியவர் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ. அந்த இரத்மலானை இன்று, கட்டுநாயக்காவுக்குப் பெரிய விமானங்களை விட்டுக்கொடுத்துவிட்டு, சிறிய விமானங்களுக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கும் இடமாக இருக்கிறது.

மும்பையில் ஜூஹூ அப்படி. ஹைதராபாத்தில் 2008 மார்ச்சில் பயணிகள் விமானங்கள் ஷம்சாபாத்துக்குப் போனபின் பேகம்பேட்டை அப்படி. டெல்லியை அடுத்த ஹிண்டன் விமானப் படைத் தளத்தில் 2019-இல் பயணிகளுக்கு ஒரு கட்டடம் திறந்து, ஒன்பது பேர் அமரும் விமானத்தை பித்தோராகர் மலை ஊருக்கு அனுப்பினார்கள். 2025-இல் அதே ஹிண்டனிலிருந்து போயிங், ஏர்பஸ் விமானங்கள் கிளம்பத் தொடங்கின. சின்னவற்றுக்கென்று ஒதுக்கிய இடமும் சின்னதாகவே இருந்துவிடுவதில்லை.

நாம் பாடம் படிக்க வேண்டியது சிங்கப்பூரில். சாங்கியில் புரொப்பெல்லர் விமானம் இயக்கி வந்தது மலேசியாவின் ஃபயர்ஃபிளை மட்டும். ஜெட்களுக்கு இடம் விட அதை சிலேத்தாருக்கு மாற்ற முடிவானது. 1920-களில் பிரிட்டிஷ் விமானப் படைக்காகக் கட்டிய பழைய தளம் அது. 2018 நவம்பரில் புது முனையமும் திறந்தாயிற்று. டிசம்பர் 1 முதல் அங்கிருந்து பறக்க வேண்டிய விமானம் பறக்கவில்லை. சிலேத்தாருக்குத் தரையிறங்கு கருவி வழிகாட்டும் பாதை, எல்லைக்கு அப்பால் மலேசியாவின் பாசிர் கூடாங் மேல் போகிறது; அங்கே உயரமான கட்டடமும் துறைமுகக் கிரேனும் வைக்க முடியாமல் போகும் என்று மலேசியா மறுத்தது. இரு நாட்டு அமைச்சர்களும் பேசி, 2019 ஏப்ரலில் சிங்கப்பூர் அந்தக் கருவி முறையை விலக்கிக்கொண்ட பிறகே ஃபயர்ஃபிளை சிலேத்தாரில் இறங்கியது. நடுவில் ஏறக்குறைய ஐந்து மாதம் அந்தப் பயணிகளுக்கு விமானமே இல்லை.

எங்கள் பகுதியில் வீடு கட்டுகிறவர்களுக்கு இந்தச் சண்டை சட்டென்று புரியும். விமான நிலையத்தைச் சுற்றி எங்கே எவ்வளவு உயரம் கட்டலாம் என்று விமான நிலைய ஆணையம் நிறம் பூசிய வரைபடம் வைத்திருக்கிறது. சிவப்பில் விழுந்த மனைக்கு, ஆணையத்தின் தடையின்மைச் சான்று இல்லாமல் வேலை நகராது. விமானம் இறங்கும் பாதை வானத்தில் இருந்தாலும் அதன் சுமை கீழே இருப்பவர் மாடியில்தான் விழுகிறது. ஒரு விமான நிலையத்தை எங்கே வைத்தாலும் யாரோ ஒருவரின் மாடி அதற்கு அடியில் வரும்.

சென்னையில் மாற்று இடமாகப் பலரும் சொல்வது தாம்பரம், அரக்கோணம். தாம்பரம் விமானப் படையுடையது. மீனம்பாக்கத்துக்கு இத்தனை அருகில் இருப்பதால் வானம் இரண்டுக்கும் ஒன்றுதான், நெரிசல் தீராது. அரக்கோணம் கடற்படையின் ராஜாளி தளம். அங்கே அவர்கள் வேலை முதலில். மிஞ்சுவது புது விமான நிலையத்துக்கென்று 2022 ஆகஸ்டில் அறிவித்த பரந்தூர். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் கேட்கும் அந்தத் திட்டத்தை அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் இன்றும் ஏற்கவில்லை. ஏரியும் வயலும் போகிற அவர்களின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அங்கே எதை மாற்றுவது என்று பேசுவதே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனாலும் பரந்தூர் வந்தால், மீனம்பாக்கம் மூடப்படாது, இரண்டும் இயங்கும் என்பதே இதுவரை சொல்லப்படுவது. அப்போது எதை அனுப்புவது, எதை வைப்பது என்ற கேள்வி வரும். சின்ன விமானம் என்ற ஒரே சொல்லில் மூன்று வேறு சரக்குகளைக் கட்டிவைத்திருக்கிறோம். தொழிலதிபரின் சொந்த ஜெட் ஒன்று. பயிற்சி விமானம் ஒன்று. சேலத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிற பயணிகள் ஏடிஆர் ஒன்று. முதல் இரண்டும் தாராளமாக வெளியே போகலாம். 2015 டிசம்பரில் அடையாறு ஓடுபாதை மேல் ஏறியபோது, நிறுத்தி வைத்திருந்த சிறு விமானங்கள் தண்ணீரில் நின்ற படங்கள் நினைவிருக்கும். அவற்றுக்கு மேட்டு நிலம் நல்லதுதான். பயிற்சிக்குச் சேலம் காமலாபுரம் இருக்கிறது, வேலூர் அப்துல்லாபுரத்தில் ஓடுபாதை இருக்கிறது.

மூன்றாவதைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தொட வேண்டியது மறுமுனையை. தூத்துக்குடிக்கு ஏன் இத்தனை காலம் ஏடிஆரே வந்தது? அங்கே ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்தது. இப்போது அது 3,000 மீட்டரைத் தாண்டிவிட்டது. புது முனையம் 2025 ஜூலையில் திறந்தது. இனி அங்கே ஏர்பஸ்ஸே இறங்கலாம். மூன்று ஏடிஆரில் வருபவர்களை ஒன்றரை ஜெட்டில் ஏற்றலாம். சென்னையில் ஸ்லாட் தானாக மிச்சமாகும். எந்தப் பயணியையும் ஊருக்கு வெளியே இறக்கிவிட வேண்டியதில்லை.

எங்கள் அம்மன் ஒற்றைக் காலில் தவம் இருந்துவிட்டு இங்கிருந்து காஞ்சிக்குப் போய் ஏகாம்பரநாதரை மணந்தாள் என்பது தலபுராணம். பரந்தூருக்குப் போகும் அந்தக் காஞ்சி சாலை எங்களுக்குத் தூரமில்லை. என் பெரியம்மாவுக்குத் தூரம். முழங்கால் வலிக்கு போரூரில் டாக்டரைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வருகிறவர், ராத்திரி ரயிலில் மேல் பெர்த் கிடைத்தால் ஏற முடியாது என்று விமானத்தில் வருவார். போன முறை மீனம்பாக்கத்தில் இறங்கி, கெருகம்பாக்கம் வழியாக ஆட்டோவில் முக்கால் மணி நேரத்தில் வீட்டில் இருந்தார்.

"என்னத்த, பிளைட்ல வந்ததவிட ஆட்டோலதான் இடுப்பு போச்சு" என்றபடி காலை நீட்டி உட்கார்ந்தார். பையிலிருந்து மக்ரூன் பொட்டலம் வெளியே வந்தது, ஒன்றுகூட உடையவில்லை.