சுருள் கேசத்தின் சுயமரியாதை

தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் ஒட்டிக் கொங்கு நாட்டுச் சிற்றூர்களிலிருந்து காவடி சுமந்து பழனிக்கு நடந்து செல்லும் அடியார்களில் பலர், மலைப்படியில் கால் வைக்குமுன்பே அடிவாரத்தில் நாவிதர் எதிரே தலை தாழ்த்தி அமர்ந்து முடி இறக்கிக்கொள்வது நமக்கெல்லாம் பழகிய வழக்கம். பிள்ளை பிழைத்தால் முடி தருகிறேன், பெண்ணுக்கு வரன் அமைந்தால் முடி தருகிறேன் என்று வேண்டிக்கொண்டவர்கள் அந்த வேண்டுதலைத் தீர்த்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு, மனம் லேசாகி ஊர் திரும்பிவிடுகிறார்கள். இறக்கிய முடி என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்பதில்லை. காணிக்கையாகக் கொடுத்த பொருளைப் பற்றி விசாரிப்பது பக்திக்கு அழகும் அன்று.

ஆனால் கோயில்களில் இறக்கும் முடிக்கு ஒரு நீண்ட யாத்திரை காத்திருக்கிறது. கோயில் நிர்வாகம் அதை ஏலத்தில் விட, எடுத்த வியாபாரிகள் கழுவி, உலர்த்தி, ஆணிகள் நெருக்கமாக அடித்த பலகையில் சீவிச் சிக்கெடுத்து, நீளவாரியாகப் பிரித்துக் கட்டுக் கட்டாக அயல்நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். வேரும் நுனியும் திசை மாறாமல் அடுக்கிய முடிக்கு ‘ரெமி’ என்று வியாபாரப் பெயர். விலையும் அதற்கே அதிகம். திருப்பதியிலிருந்தும் தமிழ்நாட்டுத் திருத்தலங்களிலிருந்தும் இவ்வாறு புறப்படும் நீண்ட முடியில் கணிசமான பங்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் கறுப்பினப் பெண்களின் தலையில், நம் பாட்டிமார் சவரி வைத்துப் பின்னியதைப் போலவே, அவர்களுடைய சொந்த முடியோடு சேர்த்துத் தைக்கப்படுகிறது. தனக்கு ஏன் நல்ல முடி இல்லை என்று தம் சிறு மகள் கேட்ட கேள்வியால் கலங்கிய அமெரிக்க நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக், அதற்கு விடை தேடிப் புறப்பட்டு, 2009-இல் வெளிவந்த ‘குட் ஹேர்’ என்னும் ஆவணப்படத்துக்காக இந்தியாவுக்கே வந்து, கோயிலில் மொட்டையடிக்கும் காட்சியைப் படம் பிடித்துச் சென்றார்.

தம் தலையில் அடர்ந்து வளரும் கேசம் இருக்க, கடல் தாண்டி வந்த இன்னொருத்தியின் முடியால் அதை மூடிக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் அப்பெண்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதும், அந்த நிர்ப்பந்தத்தை உதறிவிட்டுப் பிறந்த கேசத்தைப் பிறந்தபடியே வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடக்க அவர்கள் எத்தனை தலைமுறை போராட வேண்டியிருந்தது என்பதும் நாம் அறிந்துகொள்ளத் தக்க விஷயங்கள்.

முதலில் அந்தக் கேசத்தின் இயல்பைப் பார்ப்போம். தோலுக்குள் முடி முளைக்கும் குழி நேராக இருந்தால் முடி நேராக வளரும், வளைந்திருந்தால் சுருளும். ஆப்பிரிக்க இனத்தார் பலருக்கு அக்குழி மிகவும் வளைந்தது; முடியின் குறுக்குவெட்டோ வட்டமாயிராமல் தட்டையான நீள்வட்டம். ஆகவே முடி கம்பிச் சுருள்போல் நெருக்கமாகச் சுருண்டு, தலையைச் சுற்றி மேகம் கவிந்தாற்போல் நிற்கிறது. உச்சி வெயிலில் தலைக்குள் இறங்கும் உஷ்ணத்தைக் குறைப்பதில் நேரான முடியைவிட இந்தச் சுருள் முடியே மேல் என்று, சூடேற்றிய பொம்மைத் தலையில் பலவகை முடிகளைப் பொருத்திச் சோதித்த விஞ்ஞானிகள் 2023-இல் வெளியிட்டார்கள். குறையும் ஒன்றுண்டு: தலைத்தோலில் ஊறும் இயற்கை எண்ணெய் சுருளின் வழியே நுனிவரை இறங்குவதில்லையாதலால், முடி எளிதில் வறண்டு முறிகிறது. அந்த முடியைச் சிறு சிறு பாத்திகளாகப் பிரித்துத் தலையோடு ஒட்டிப் பின்னுவதும், நூல் சுற்றிக் கட்டுவதும், முறுக்கிவிடுவதும் அலங்காரமாக மட்டுமல்லாமல் பாதுகாப்பாகவும் பயன்படுகின்றன என்பதை ஆப்பிரிக்கத் தாய்மார் எந்த விஞ்ஞானியும் சொல்லித் தராமலே கண்டுகொண்டிருந்தார்கள்.

கூந்தலை முடிக்கும் விதத்துக்குக் குழல், கொண்டை, சுருள், பனிச்சை, முடி என்றெல்லாம் பெயரிட்டு ‘ஐம்பால்’ என வகுத்த நம் முன்னோர்க்கு, மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்கள் தம்முடைய ஒவ்வொரு பின்னலுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருப்பது வியப்பாயிராது. ஒருத்தியின் தலையைப் பார்த்த மாத்திரத்தில் அவள் எந்தக் குலத்தவள், மணமானவளா, துக்கம் காக்கிறாளா என்று சொல்லிவிடக்கூடிய சமுதாயங்கள் அங்கே இருந்தன. நமீபியாவின் ஹிம்பா பெண்கள் வெண்ணெயில் செங்காவிப் பொடியைக் குழைத்துத் தம் சடைகளுக்குப் பூசுகிறார்கள். சிறுமிக்கு ஒரு விதம், பருவமடைந்தவளுக்கு வேறு விதம், மணமானவளுக்கு இன்னொரு விதம். நைஜீரியப் புகைப்படக் கலைஞர் ஜே. டி. ஒகாய் ஒஜெய்கெரே 1968 முதல் பல்லாண்டுகள் ஊர் ஊராகத் திரிந்து, தெருவிலும் திருமண வீட்டிலும் அலுவலகத்திலும் கண்ட பெண்களின் தலைகளைப் பின்புறமிருந்து படமெடுத்துச் சேர்த்த தொகுதி ஆயிரத்தை எட்டும் என்பர். கோபுரம்போல் எழுந்தும், பாலம்போல் வளைந்தும் நிற்கும் அந்தச் சிகை அமைப்புகளைப் பார்த்தால், ஸ்தபதியின் கைக்கும் சிகை முடிப்பவளின் கைக்கும் அதிக தூரமில்லை என்று ஒப்புக்கொள்ளத் தோன்றும்.

இத்தகைய கௌரவமுள்ள தலைகளைத்தான் அடிமை வியாபாரிகள் முதற்காரியமாக மழித்தார்கள். சுகாதாரம் அவர்கள் சொன்ன காரணம். ஆயினும் குலமும் ஊரும் ஸ்தானமும் எழுதியிருந்த அந்த ஏடு கத்தியின் ஒரே இழுப்பில் அழிந்தது. பழனியில் மழிக்கப்படும் தலைக்கும் அடிமைக் கப்பலுக்காக மழிக்கப்பட்ட தலைக்கும் கண்ணுக்குத் தெரியும் பேதம் ஒன்றுமில்லை; ஒன்று மனமுவந்து கொடுத்தது, மற்றது பலாத்காரமாகப் பறித்தது. இந்த ஒரு பேதத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் இச்சரித்திரம் முழுவதும் விளங்கிவிடும். நெல்மணிகளைப் பின்னலுக்குள் மறைத்துக்கொண்டு தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் சென்ற பெண்களைப் பற்றித் தென்னமெரிக்காவின் சூரிநாம் நாட்டில், தப்பிய அடிமைகளின் வழிவந்தோர் இன்றும் கதை சொல்கிறார்கள். விதைநெல்லின் அருமை அறிந்த நமக்கு அக்கதையின் உட்பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் லூயிசியானாவை ஸ்பெயின் ஆண்ட காலத்தில், 1786-இல், கவர்னர் மிரோ ஒரு விசித்திரமான உத்தரவு போட்டார். அடிமைத்தளையில் இல்லாத கறுப்பினப் பெண்களின் சிகை அலங்காரம் கண்களை ஈர்க்கிறது. ஆதலால் அவர்கள் தலையைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அப்பெண்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தார்கள். எப்படியெனில், வர்ணம் வர்ணமான உயர்ந்த துணிகளை வாங்கி, மணியும் இறகும் செருகி, முன்னினும் பன்மடங்கு அழகாகத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வீதியில் வந்தார்கள். கவர்னரின் முகம் எப்படி ஆகியிருக்கும் என்பதை வாசகரின் கற்பனைக்கே விட்டுவிடுகிறேன்.

அடிமைத்தனம் 1865-இல் சட்டப்படி ஒழிந்தது, மனத்தில் ஒழியவில்லை. வெள்ளையரின் முடியை ஒத்தது ‘நல்ல முடி’, தன்னுடையது ‘கெட்ட முடி’ என்னும் அபிப்பிராயம் கறுப்பின வீடுகளுக்குள்ளேயே புகுந்து, தாய் மகளுக்குச் சொல்லித் தரும் பாடமாயிற்று. அடுப்பில் காய்ச்சிய இரும்புச் சீப்பால் முடியை நீவினார்கள். பின்னர், தோலைச் சுட்டுவிடக்கூடிய கார ரசாயனக் களிம்பைப் பூசி நேராக்கினார்கள். கேசப் பராமரிப்பு வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டிய மேடம் சி. ஜே. வாக்கர், அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1867-இல் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்தவர். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்களுக்கு ஜீவனம் அளித்தவர். அவரை எளிதில் நிந்தித்துவிட முடியாது. களிம்பின் கதை வேறு. முடியை நேராக்கும் ரசாயனங்களை ஆண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்திய பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருவது மற்றவர்க்கு வருவதைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டதாக, அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2022-இல் தெரிவித்தது.

திருப்பம் 1960-களில் வந்தது. சிவில் உரிமைப் போராட்டம் கொழுந்துவிட்டெரிந்த அந்நாட்களில், கறுப்பே அழகு என்ற கோஷத்தோடு இளைஞரும் யுவதிகளும் சீப்பையும் களிம்பையும் விட்டெறிந்து, முடியை அதன் போக்கில் வட்டமாக வளரவிட்டார்கள். ‘ஆஃப்ரோ’ என்று பெயர் பெற்ற அந்தச் சிகை, ஏஞ்செலா டேவிஸ் என்னும் தத்துவப் பேராசிரியையின் தலையில் உலகப் பிரசித்தி அடைந்தது. அவரைத் தேடி 1970-இல் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை ஒட்டிய விளம்பரத்திலும் அந்தச் சிகையே எடுப்பாகத் தெரிந்தது. பின்னர் விசாரணையில் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. ஜமைக்காவில் 1930-களில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தார் சீப்பே படாத சடைமுடி வளர்த்தார்கள். பாடகர் பாப் மார்லியால் அது உலகெங்கும் பரவிற்று. நம் சிவபெருமானுக்கும் சித்தர்களுக்கும் உரிய சடாமுடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்கத் தோன்றும். 1845 முதல் ஜமைக்காவுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற இந்தியரிடமிருந்து சில வழக்கங்கள் அங்கே ஒட்டியிருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஆப்பிரிக்காவிலேயே சடை வளர்த்த குலங்கள் இருந்தமையால் அதை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை.

தமிழர் பலர் குடியேறிய தென்னாப்பிரிக்காவில் நடந்ததுதான் இவற்றுள் மிகக் கொடியது. 1950-இல் அந்நாட்டு நிறவெறி அரசு ஒவ்வொரு பிரஜையையும் இனவாரியாகப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. இன்ன இனம் என்று சந்தேகம் எழுந்தவரின் தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்ப்பது அதிகாரிகள் கையாண்ட சோதனைகளுள் ஒன்று. பென்சில் வழுக்கி விழுந்தால் ஒரு வாழ்வு. சிக்கி நின்றால் வேறு வாழ்வு. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம் என்பதை ஒரு பென்சில் நிர்ணயித்த விபரீதம் அது. அதே பதிவேட்டின் வேறொரு பக்கத்தில் நம் தமிழர் வழிவந்தோரும் தனி இனமாக அடைக்கப்பட்டிருந்தார்கள். அந்த அரசு வீழ்ந்து 22 ஆண்டுகள் சென்றபின்னும், 2016 ஆகஸ்டில், பிரிட்டோரியா நகரின் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவிகளின் இயற்கை முடி ஒழுங்கற்றது என்று கண்டிக்கப்பட்டபோது, சுலைக்கா பட்டேல் என்ற 13 வயதுச் சிறுமி தன் ஆஃப்ரோ சிகையோடு காவலர் முன்னே கரங்களைக் குறுக்காக உயர்த்தி நின்றாள். அந்தப் படம் உலகம் சுற்றியது; பள்ளியின் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது.

சட்டம் எப்போதும் போல மெதுவாகத்தான் வந்தது. 1981-இல், தலையோடு ஒட்டிய பின்னலுடன் பணிக்கு வரக்கூடாதென்று தடுத்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின்மேல் ஓர் ஊழியர் தொடுத்த வழக்கில், பின்னல் என்பது பிறவிக் குணமன்று, அவிழ்த்துவிடக் கூடியதே என்று நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தர்க்கத்துக்குப் பொருந்தலாம், நியாயத்துக்குப் பொருந்தவில்லை. 38 ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலையில், கலிபோர்னியா மாநிலம் முடியின் இயல்பையும் அதற்கேற்ற பின்னல், சடை, முறுக்கு முதலிய அமைப்புகளையும் காரணமாகக் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு செய்யலாகாது எனச் சட்டம் செய்தது. ‘கிரவுன்’ சட்டம் என்று அதற்குப் பெயர். வேறு பல மாநிலங்கள் பின்பற்றின. நாடு முழுமைக்குமான மசோதா 2022-இல் கீழ்ச்சபையில் நிறைவேறியும் மேல்சபையைக் கடக்கவில்லை.

இதெல்லாம் எங்கேயோ நடந்தது, கோயமுத்தூர்க்காரர்களுக்கு என்ன என்று ஒதுக்கிவிடவும் முடியாது. குடுமியைக் கத்தரித்துக் கிராப்பு வைத்துக்கொண்ட வாலிபனை வீட்டுக்குள் சேர்க்க மறுத்த பெரியவர்கள் நம் பாட்டனார் காலத்தில் இருந்தார்கள். சில சாதிகளில் கணவனை இழந்த பெண்ணின் தலையை அவள் சம்மதம் கேளாமலே மழித்தார்கள். ஈரோட்டுப் பெரியார், பெண்களும் ஆண்களைப் போலக் கிராப்பு வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தபோது ஊர் திகைத்துப் போனது. ஏஞ்செலா டேவிஸ் முடியை வளரவிட்டார், பெரியார் வெட்டச் சொன்னார். செய்கை எதிரெதிராயினும் இருவர் கேட்டதும் ஒன்றே: ஒரு பெண்ணின் தலையின்மேல் அதிகாரம் அவளுக்கா, ஊருக்கா?

இன்றைய நிலையையும் சற்றே பார்க்கலாம். சுருட்டை முடி சோறு போடும் என்பது நம் பக்கத்துப் பழமொழி. சுருட்டை முடிக்காரியை மருமகளாகக் கொண்டுவர ஆசைப்பட்ட பாட்டிமார் உண்டு. அந்தப் பாட்டியின் பேத்தி இன்று ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து அழகு நிலையத்தில் அரைநாள் அமர்ந்து முடியை நேராக்கிக்கொண்டு வர, “ஏன் அம்மணி, நல்லா இருந்த முடியக் கோரை மாதிரி பண்ணீட்டு வந்துட்டே?” என்று கிழவி வருந்துகிறாள். என் ஓட்டு கிழவிக்குத்தான். ஆயினும் பேத்தி தன் விருப்பத்தால் செய்திருந்தால் அதைத் தடுக்க எனக்கு என்ன உரிமை? சவரி வைத்துக்கொள்ளும் கறுப்பினப் பெண்ணுக்கும் இதுவே பொருந்தும். சுருட்டையைச் சுட்டி அவளைப் பரிகசித்து, அந்த வருத்தத்தில் பணம் பண்ணுவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் எல்லாபூர், ஹலியாள் காடுகளில் வாழும் ஆப்பிரிக்க வம்சத்துச் சித்தி மக்களும் இதே பரிகாசத்துக்குத் தப்பவில்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். கோவைக் கல்லூரிகளில் படிக்க ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் பிள்ளைகளைப் பேருந்திலோ கடையிலோ காணும்போது, ‘நெசமாலுமே முடிதானுங்களா’ என்று அனுமதியின்றி அவர்கள் சடையைத் தொட்டுப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிடுவோமாக. இன்னொன்று தலைமையாசிரியர்களுக்கு: எண்ணெய் தடவி இழுத்துப் பின்னிய இரட்டைச் சடைக்கு அடங்காத சுருட்டை முடியோடு ஒரு சிறுமி வகுப்புக்கு வந்தால், அவளை வெளியே நிற்க வைக்காமல் பாடம் நடத்துங்கள்.