கணக்கு சரிதான், சுட்டுப் பார்த்தீர்களா?

2025 மே 23, 24 தேதிகளில் அந்தமான் தீவுகளின் மேல் சில மணி நேரம் விமானங்கள் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. ஆயுதச் சோதனைக்காகவே இந்த ஏற்பாடு. சென்னைக்கு விமானம் ஏறக் காத்திருப்போர் மனத்தில் இப்படிப்பட்ட நாட்களில் எழும் கேள்வி நியாயமானதே. ஏவுகணை எங்கே போய் விழும் என்று கம்ப்யூட்டரே கணக்கிட்டுச் சொல்லும் காலம் இது. அப்படியிருக்க, வானத்தை அடைத்து, விலை மிகுந்த ஆயுதத்தை ஏவிப் பார்ப்பானேன்?

இதற்கு விடை சாதாரண ரைபிளிலேயே இருக்கிறது.

பம்பரமும் தோட்டாவும்

வேகமாகச் சுழலும் வரை பம்பரம் நிமிர்ந்து நிற்கும். வேகம் குறைந்தால் தள்ளாடும். தோட்டாவும் அப்படித்தான். ரைபிள் குழலின் உட்புறத்தில் திருகாணி மரையைப் போலப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். தோட்டாவைச் சுழல வைத்து வெளியே அனுப்புபவை இவையே. முறுக்கு போதாவிட்டால் தோட்டா நேரே செல்லாமல் புரண்டு போகும்.

எவ்வளவு முறுக்கு வேண்டும்? இங்கிலாந்தில் வுல்விச் நகரில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் என்பவர் 1879-இல் ஒரு சூத்திரம் வகுத்தார். தோட்டாவின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுக்க வேண்டும். விட்டம் 8 மில்லிமீட்டர், நீளம் 32 மில்லிமீட்டர் என்றால் விடை 300. அதாவது, குழலில் 300 மில்லிமீட்டருக்கு ஒரு முழுச் சுற்று. இன்றைய கம்ப்யூட்டர்கள் காற்றின் வெப்பம், அழுத்தம், தோட்டாவின் வடிவம், வேகம் ஆகியவற்றையும் சேர்த்தே கணக்கிடுகின்றன.

குளிர் கற்பித்த பாடம்

ஆயினும், நாம் கொடுக்கும் எண்களுக்குத்தான் கணக்கு விடை சொல்லும். அமெரிக்காவின் எம்-16 ரைபிளுக்கு ஆரம்பத்தில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முறுக்கு வைத்திருந்தார்கள். கடுங்குளிரில் சுட்டுப் பார்த்தபோது குறி தவறியது. குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது; அதைக் கிழித்துச் செல்ல அந்தச் சுழற்சி போதவில்லை. 1963-இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என மாற்றினார்கள். அந்தமானைப் போல வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்றில் மட்டுமே சோதித்திருந்தால் இந்தக் குறை வெளிப்பட்டிராது.

குறையைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவியும் தேவையில்லை. இலக்குப் பலகையில் ஒட்டிய தாளே போதும். துளை வட்டமாக இருந்தால் தோட்டா நேராக வந்திருக்கிறது. நீளவாட்டில் கிழிந்திருந்தால் புரண்டு வந்திருக்கிறது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் ரைபிளானாலும், வெளிநாட்டு ரைபிளானாலும் தாள் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்.

தீவிலிருந்து தீவுக்கு

ரைபிளுக்குப் பொருந்துவது ஏவுகணைக்கும் பொருந்தும். பிரமோஸ் ஏவுகணை முதன்முதலாக 2001 ஜூன் 12-இல் ஒடிசாவின் சண்டிப்பூரில் ஏவப்பட்டது. அத்திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் நாகர்கோவிலில் பிறந்த விஞ்ஞானி சிவதாணு பிள்ளை. அதன் பிறகு 19 ஆண்டுகள் கழித்தும் சோதனை நிற்கவில்லை. 2020 நவம்பர் 24-இல் அந்தமானில் ராணுவம் ஏவிய பிரமோஸ், வேறொரு தீவில் இருந்த இலக்கைத் தாக்கியது. 2022 மார்ச் 23-இலும் இங்கே சோதனை நடந்தது.

முதலில் 290 கிலோமீட்டராக இருந்த அதன் பாய்ச்சல் தூரம் பின்னர் கூட்டப்பட்டது. தூரம் கூடினால் பழைய சோதனையின் சான்று புதிய தூரத்துக்குச் செல்லாது. மறுபடியும் ஏவித்தான் பார்க்க வேண்டும். நாற்புறமும் கடல் சூழ்ந்து, தீவுகள் சிதறிக் கிடக்கும் அந்தமான் அதற்கு வாய்ப்பான இடம்.

இதனால் கம்ப்யூட்டர் வீண் என்று பொருளல்ல. எந்த முறுக்கில் தொடங்கலாம் என்று காட்டி, சோதனைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது அதுவே. ஆனால் எல்லையில் நிற்கும் ஜவானின் உயிர் அவர் கையில் இருக்கும் ஆயுதத்தை நம்பியிருக்கிறது. குறி தவறிய பிறகு, கணக்கு சரியாகத்தான் இருந்தது என்று அவரிடம் சமாதானம் சொல்ல முடியாது. அந்தப் பிழையை முன்கூட்டியே கண்டுபிடிக்க, விமான நிலையத்தில் சில மணி நேரம் காத்திருப்பது பெரிய விலையல்ல.