எசுப்பானிய மொழியில் ஏவல் வினை

எசுப்பானியத்தின் ஒழுங்கு வினைகள் ஆர், ஏர், ஈர் என்ற மூன்று ஈறுகளில் முடியும்: அப்லார் (பேசுதல்), கொமேர் (உண்ணுதல்), எசுக்கிரிபீர் (எழுதுதல்). 'நீ' என ஒருவரை ஏவும்போது நிகழ்காலப் படர்க்கை ஒருமை வடிவமே ஏவலாகிறது. ஆப்லா என்றால் 'அவன் பேசுகிறான்', 'பேசு' இரண்டும்தான். தொனியும் சூழலுமே பொருளைப் பிரித்துக் காட்டும். உண் என்பதற்குக் கோமே, எழுது என்பதற்கு எசுக்கிரிபே.

மரியாதை ஏவலில் ஈற்றுயிர் இடம் மாறும்: ஆப்லே (பேசுங்கள்), கோமா, எசுக்கிரிபா. ஆகவே ஏகார ஈறு அப்லாரில் மரியாதை, கொமேரில் நெருக்கம். வினையின் மூல ஈறு நினைவில் இல்லாவிட்டால் பெரியவரை ஒருமையில் ஏவிவிட நேரும்.

பலரை மரியாதையுடன் ஏவ 'ன்' சேர்த்தால் போதும்: ஆப்லேன், கோமான். நெருங்கியவர் பலரை ஏவ எசுப்பானியாவில் மூல வடிவின் இறுதி 'ர்' 'த்' ஆகும்: அப்லாத், கொமேத். இலத்தீன் அமெரிக்கப் பேச்சில் இது வழங்குவதில்லை; அங்கே சிறுவர் கூட்டத்துக்கும் ஆப்லேன்தான்.