நூறு சதவீதம் என்றால் எதில்?

ஆரணிப் பட்டு அசல்தானா என்று பார்க்க, புடவை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டுவது பழைய வழி. முடி கருகும் நாற்றம் வந்து, மிஞ்சிய கரி விரலில் பொடிந்தால் பட்டு. காகிதம் எரிகிற வாசனை என்றால் ரேயான். உருகி, கெட்டியான மணியாகச் சுருண்டால் பாலியெஸ்டர். பாவில் ஓர் இழை, ஊடையில் ஓர் இழை என்று இரண்டையும் கொளுத்திப் பார்ப்பதே சரி. பாவு பட்டாகவும் ஊடை வேறாகவும் இருக்கலாம் அல்லவா?

முடி நாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. முடியைப் போலவே பட்டும் புரதம். பட்டிழையின் உட்பகுதியான ஃபைப்ரோயினில் கிளைசின், அலனின், செரின் என்ற அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்பக் கோத்து வருகின்றன. இப்படிச் சில அமினோ அமிலங்கள் மட்டும் கோத்த சிறு சங்கிலிதான் பெப்டைடு. 1901இல் இரண்டு கிளைசின்களைக் கொண்ட பெப்டைடைத் தயாரித்த ஜெர்மானிய வேதியியலாளர் எமில் ஃபிஷர், பட்டையும் உடைத்து ஆராய்ந்தவர்.

இன்று ஆய்வகங்களுக்கான பெப்டைடு, சிறு குப்பியில் வெள்ளைப் பொடியாக வருகிறது. அதைக் கொளுத்திப் பார்த்துப் பயனில்லை. கரைத்து, நுண்துகள் அடைத்த குழாய் வழியே உயர் அழுத்தத்தில் செலுத்துகிறார்கள். ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வர, புற ஊதா ஒளி அதைக் கண்டு வரைபடத்தில் ஒரு முகடாகப் பதிகிறது. மொத்த முகடுகளின் பரப்பில் முக்கிய முகட்டின் பங்குதான் ‘99 சதவீதத் தூய்மை’. இந்தச் சோதனை முறையின் பெயர் எச்.பி.எல்.சி. வந்தது கேட்ட பெப்டைடுதானா என்பதை நிறைமாலைமானி சொல்லும். தயாரிப்பில் ஒரு கிளைசின் விடுபட்டிருந்தால் மூலக்கூறு எடை 57 குறைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

சூட்சுமம் எடையில் இருக்கிறது. பொடி உறிஞ்சிய ஈரமும் ஒட்டியுள்ள உப்பும் அந்த வரைபடத்தின் கணக்கில் வருவதில்லை. 99 சதவீதம் என்று சீட்டு ஒட்டிய 10 மில்லிகிராம் குப்பியில் 8 மில்லிகிராம்தான் பெப்டைடு இருக்கலாம். பொய் ஏதும் இல்லை, கேள்விதான் வேறு.

பட்டு வணிகத்துக்கு இது புதிதல்ல. கச்சாப் பட்டு காற்றின் ஈரத்தைக் குடிக்கும். ஈரத்துக்கும் பட்டு விலையா என்ற தகராறைத் தீர்க்கவே பிரான்சின் லியோன் நகரில் 1805இல் அரசே எடைச் சோதனை நிலையம் அமைத்தது. பட்டின் உலர் எடையோடு 11 சதவீத ஈரம் சேர்த்துக் கணக்கிடுவது இன்றைய வழக்கம். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, இழையின் மேலுள்ள பசையை நீக்கினால் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு போய்விடும். அந்த இழப்பை உலோக உப்பேற்றி ஈடுகட்டிய காலமும் உண்டு.

மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரையும் பட்டுக்குத்தான் உறுதி தரும், சரிகைக்கு அல்ல. தங்கம், வெள்ளி, செம்பு எவ்வளவு என்று எக்ஸ்-கதிர்க் கருவியில் தனியாகப் பார்க்க வேண்டும். புடவை வாங்குபவர்கள் இரண்டையும் கேட்கட்டும். பெப்டைடு வாங்கும் ஆய்வாளர்கள், தூய்மையோடு நிகர அளவும் ஈரமும் குறித்த சான்றிதழை, குப்பியில் உள்ள அதே தொகுதி எண்ணுக்குக் கேட்க வேண்டும். ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று விற்கும் குப்பியை உடம்பில் ஏற்றிக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒன்று: அதில் கிருமியோ கிருமி நஞ்சோ இருக்கிறதா என்பதை அந்த 99 சதவீதம் சொல்லாது.