பூவிலே தொடங்கும் காவல்

கொழும்பு கொச்சிக்கடையில் பழம் வாங்கச் செல்வோர், யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பானைக் கண்டால் விலை கேளாது போவது அரிது. ஆயினும், காயாக வந்திறங்கியபோது மாசுமறுவற்றிருந்த அக்கனி, சில நாட்களிற் பழுத்ததும் கரும்புள்ளிகள் கொண்டு அழுகத் தொடங்குவதுண்டு. வாங்கியவர் கடைக்காரரை நோவார். கடைக்காரர் லொறிக்காரரைக் குறை கூறுவார். ஈற்றில் நட்டம் தோட்டக்காரர் தலையிலே வந்து விழும். உண்மை யாதெனின், அக்கேடு பெரும்பாலும் வழியிலோ கடையிலோ நேர்ந்ததன்று. மரம் பூத்துப் பிஞ்சு பிடித்த காலத்திலேயே அது புகுந்துவிட்டது.

அந்திரக்னோசு எனப்படும் இந்நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு. மழையினாலோ பனியினாலோ பூங்கொத்து நனைந்திருக்கையில் அதன் வித்திகள் முளைக்கின்றன. ஏறத்தாழ 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஈரம் 12 மணி நேரம் வரை நீடித்தால் நோய் எளிதிற் பற்றிக்கொள்ளும். பூவிற் பற்றினால் பூ கருகும். பிஞ்சின் தோலிற் பற்றினாலோ, பங்கசு வளராது உறங்கிக் கிடந்து, காய் பழுக்குங்கால் விழித்தெழும். பறித்த காய்களை 52 முதல் 55 பாகை வரையான வெந்நீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைத்தால் ஓரளவு பயனுண்டு. புள்ளி தோன்றியபின் செய்யத்தக்கது ஒன்றுமில்லை.

ஆகவே, நோய் வருமுன் அதன் வருகையை அறிதல் வேண்டும். நனைவு நேரத்தையும் வெப்பநிலையையும் கொண்டு தொற்றின் அளவை மதிப்பிடும் முறையொன்றை அவுத்திரேலிய ஆய்வாளர்கள் 1984 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதன் அடிப்படை எளியது. பூக்குங் காலத்தில் எத்தனை மணி நேரம் இலை நனைந்திருந்தது என்பதை நாள்தோறும் குறித்துவரும் தோட்டக்காரர், மருந்து தெளிக்கவேண்டிய நாளையும் தெளிக்க வேண்டாத நாளையும் பிரித்தறிவார். இதனாற் செலவும் குறையும். வீணே நஞ்சு தெளித்தலும் நீங்கும்.

பழ ஈயின் வரவையும் இவ்வாறே முன்னறியலாம். ஆண் ஈக்களைக் கவர்ந்திழுக்கும் மெதைல் இயூசினோல் என்னும் பொருள் துளசியிலும் உண்டு. அதன் கவர்ச்சியை, பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஹவ்லற் என்னும் பூச்சியியல் அறிஞர் 1915 ஆம் ஆண்டளவில் எடுத்துக்காட்டினார். அப்பொருளிட்ட பொறியை மரத்திற் கட்டி, வாரந்தோறும் வீழ்ந்த ஈக்களை எண்ணிவந்தால், தொகை உயரும் வாரமே எச்சரிக்கையாகும். உடனே காய்களுக்குக் கடதாசி உறையிடலாம். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி ஆழப் புதைக்கலாம். 2003 ஆம் ஆண்டில் கென்யாவிற் காணப்பட்ட ஒரு பழ ஈ, இலங்கையிலும் வாழும் இனமே என அறியப்பட்டது. பழம் வாங்கும் நாடுகள் இவ்விடயத்திற் கண்டிப்பாயிருப்பதற்குக் காரணம் இதனால் விளங்கும்.

நோயை முன்னறிவது போலவே விளைவை முன்னறிதலும் இன்றியமையாதது. பூத்த நிலையிலேயே மரத்தை மொத்தமாக விலைபேசும் வழக்கம் பலவிடங்களில் உண்டு. வியாபாரி பல தோட்டங்களைக் கண்டவர். தோட்டக்காரரோ தம் மரத்தை மட்டுமே கண்டவர். பூவை நம்பிக் கணக்கிடுதல் தவறு. நூறு பூக்களில் ஒன்றேனும் கனியாவதில்லை. பிஞ்சு உதிர்தல் ஓய்ந்து, காய் எலுமிச்சங்காயளவு வந்தபின் எண்ணுதலே தகும். நூறு மரமுள்ள தோட்டத்திற் பத்து மரங்களை, நன்கு காய்த்தவற்றையே தேர்ந்தெடாது, வரிசைக்கொன்றாக எடுத்து எண்ணுதல் வேண்டும். சராசரி 200 காயும், காயொன்று 400 கிராமுமாயின், மரத்துக்கு 80 கிலோவாகும். தோட்டத்துக்கு 8,000 கிலோ. இனி உதிரக்கூடியதை இதிற் கழித்துக்கொள்ளலாம். இக்கணக்கைக் கையில் வைத்திருப்பவர், வியாபாரி சொல்லும் விலைக்கு உடனே தலையசைக்க மாட்டார்.

எனினும், தனியொருவர் கணக்கு அவர் வேலிக்குள்ளேயே நின்றுவிடும். நோயும் ஈயும் வேலியறியா. அயல் தோட்டத்தார் தத்தம் குறிப்புகளை வாரத்துக்கொருமுறை விவசாயப் போதனாசிரியரிடம் சேர்த்தால், ஒரு மரத்திற் கண்ட அறிகுறி ஊர் முழுவதற்கும் எச்சரிக்கையாகும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை அறிவிப்பும் அதனோடு சேர்ந்து, பூக்குங் காலத்திலேயே, தோட்டக்காரர் அறிந்த மொழியில் அவரை எட்டுதல் வேண்டும். காய் பறித்தபின் வரும் அறிவிப்பு, எத்துணைச் செம்மையாயிருப்பினும், அவருக்கு உதவாது.