காத்தவர் வாய்மொழி

இயற்கைப் பாதுகாப்பு என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்கிற உருவம் பெரும்பாலும் ஒன்றுதான்: காக்கி உடை தரித்து, கழுத்தில் தொலைநோக்கி தொங்க, புலியின் கால்தடத்தைக் குனிந்து பார்க்கும் ஒரு மனிதர். அந்த உருவம் பொய் என்று யாரும் சொல்வதற்கில்லை. ஆனால் கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நீண்டு கிடக்கிற கடற்கரைப் பிரதேசத்தில் புலியும் இல்லை, புலி வாழும் மலையும் இல்லை. உப்பனாறும் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலோடு கலக்கும் சேற்று நிலங்களும், சவுக்குத் தோப்புகளும், இரசாயனத் தொழிற்சாலைகளும், இவற்றினிடையே ஜீவனம் நடத்துகிற மக்களுமே உண்டு. இங்கே இயற்கையைக் காத்தவர்கள் யார் யார் என்று அறிய விரும்புகிறவர், அவர்களை நாடிச் சென்று, அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

எழுதத் தெரிந்தவர்களைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1985இல் தம் சுயசரிதையை வெளியிட்டார், மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் காலமாகும் வரையில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதி வந்தார், சு. தியடோர் பாஸ்கரன் தமிழிலேயே காட்டுயிர்க் கட்டுரைகளுக்கு ஒரு வாசகர் கூட்டத்தை உண்டாக்கினார். இவர்களுடைய அநுபவங்கள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. வலை இழுத்தவரும், வாய்க்கால் வெட்டியவரும், கடைநிலை வனக்காவலரும் தம் அநுபவத்தைத் தாமே எழுதி வைப்பது அபூர்வம். ஒருவர் கேட்க மற்றவர் சொன்னால்தான் அது ஏட்டில் ஏறும். நேர்காணல் என்னும் இந்த எளிய முறை, பாதுகாப்பைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணத்தையே விரிவாக்க வல்லது என்பதற்கு நம்முடைய கடலூர் மாவட்டமே தக்க உதாரணம்.

முதலில் பிச்சாவரத்தை எடுத்துக்கொள்வோம். சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் அமைந்திருக்கும் இந்த அலையாத்திக் காடு, படகில் உல்லாசமாகச் செல்கிறவர்களுக்குச் சுரபுன்னையின் வளைந்த வேர்களிடையே நீர்ப்பாதை நெளிந்து செல்லும் ஓர் அழகிய காட்சி. நடராசப் பெருமான் கோயிலின் தல விருட்சமான தில்லை மரம் இன்றும் செழித்து வளர்வதைக் காண விரும்பும் பக்தர்களுக்கு ஒரு புண்ணிய பூமி. 2022இல் இது ராம்சர் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இந்தப் பெருமைகளுக்கு முன்னால் இக்காடு பட்ட பாட்டைப் பலர் அறியார்.

வெள்ளைக்காரர் ஆட்சிக் காலத்தில் தொடங்கி 1970கள் வரையில், இக்காடு கூறு கூறாகப் பிரிக்கப்பட்டு, முறை வைத்து ஒவ்வொரு கூறும் அடியோடு வெட்டப்பட்டு வந்தது. வெட்டிய இடம் தானே தழைத்துவிடும் என்று போட்ட கணக்குப் பொய்த்தது. நிழல் இழந்த சேறு வெயிலில் உள்ளீரம் வற்றித் தாழ்ந்து பள்ளமாயிற்று; ஓதம் ஏறும்போது உள்ளே புகுந்த கடல்நீர், ஓதம் இறங்கும்போது வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது; உப்பு மிக மிக, உவர்மண்ணிலேயே வளரப் பிறந்த வெண்கண்டல்கூட அங்கே முளைக்க இயலாமற் போயிற்று. பழியோ, விறகு பொறுக்கிய ஏழைகளின்மீதும் அவர்கள் மேய்த்த மாடுகளின்மீதும் நெடுங்காலம் சுமத்தப்பட்டிருந்தது. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வே. செல்வம் முதலிய விஞ்ஞானிகள், வனத்துறையோடும் சுற்றுவட்டார ஊர் மக்களோடும் சேர்ந்து ஆராய்ந்து, அழிவின் மூலகாரணம் அந்த வெட்டு முறையே என்பதைத் தெளிவாக்கினார்கள். ஒரு பெரிய வாய்க்காலும் அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களுமாக, மீன்முள்ளின் வடிவத்தில் நிலத்தை வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்து, உப்பைக் கழுவி, வாய்க்கால் ஓரங்களில் கன்றுகளை நட்டபோது, பாழ்பட்ட நிலம் மறுபடியும் காடாகத் தொடங்கியது.

இந்த வரலாற்றை ஆய்வறிக்கைகளில் படிக்கிறவருக்கு மண்ணும் உப்பும் நீருமே கண்ணில் படும். வாய்க்கால் வெட்டியவரைக் கேட்டால்தான் வேறு சங்கதிகள் வெளிவரும்: கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர் எந்தக் கட்டத்தில் அது தம்முடைய காடு என்று நினைக்கத் தொடங்கினார், மாடுகளை அந்தப் பக்கம் ஓட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்ட குடும்பம் பதிலுக்கு என்ன பெற்றது, என்ன இழந்தது, ஊர்க்கூட்டத்தில் ஆட்சேபித்தவர் யார், அவர் சொன்ன நியாயம் என்ன. மற்றோரிடத்தில் ஒரு காட்டை மீட்க முற்படுகிறவருக்கு வாய்க்காலின் அளவைப்போலவே இந்த விவரங்களும் அவசியமானவை.

பிச்சாவரத்துக்கு அடுத்த கிள்ளைப் பகுதியில் வாழும் இருளர்களின் விஷயம் இதனினும் சிந்திக்கத்தக்கது. 1909இல் எட்கார் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இருளர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள்; ஆனால் உடல் உறுப்புகளை அளந்து குறிப்பதில் பேரார்வம் கொண்டிருந்த அந்தக் காலத்து ஆராய்ச்சியில் அவர்கள் விவரிக்கப்பட்டார்களேயன்றி, தாங்கள் வாழும் இடத்தைப் பற்றி அவர்களுடைய அபிப்பிராயம் என்ன என்று எவரும் கேட்டதாகத் தோன்றவில்லை. இன்று நீர் வற்றிய வேளையில் கால்வாய்க்குள் இறங்கும் ஓர் இருளப் பெண்ணைக் கவனித்தால் அந்தக் கேள்வியின் அருமை விளங்கும். பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் அமிழ்ந்து, சேற்றில் தவழ்ந்தபடியே இரு கைகளாலும் அடியைத் துழாவிச் செல்கிறாள். விரலில் இறால் பட்டதும் அதை அமுக்கிப் பிடித்துப் பறிக்குள் இட்டு, நிமிராமலே மேலே நகர்கிறாள். வாய் மூடியிருக்க, கண்ணுக்கும் வேலையில்லாத அந்தத் தொழிலில், சேற்றின் குளிர்ச்சியும் வழவழப்பும் வேர்களின் நெருக்கமும் அவளுடைய விரல்களுக்கே தெரிந்த செய்திகள். இருபது ஆண்டுகளில் அந்தச் சேறு எப்படி மாறியிருக்கிறது என்று கரையேறிய பின் அவளிடம் கேட்டுப் பதிவு செய்தால், எந்தக் கருவியும் எழுதிவைக்காத ஒரு தினக்குறிப்பு நமக்குக் கிடைக்கும்.

செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்களின் கதையும் இதையே மெய்ப்பிக்கிறது. பாம்புத் தோல் வாணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டுப் பிழைப்பிழந்து நின்ற அவர்களுக்காக, பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் முதலியோரின் முயற்சியால் 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்து, மறுபடியும் காட்டில் விட்டுவிடும் அந்த முறையால், கொன்று பிழைத்தவர்கள் காத்துப் பிழைக்கலானார்கள். அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தரையில் கிடக்கும் எந்த அடையாளத்தை வைத்துப் பாம்பு போன திசையைச் சொல்கிறார்கள் என்பது அவர்கள் வாயால் சொன்னாலொழிய உலகத்துக்குத் தெரிய வழியில்லாத கல்வி.

இனி, பாதுகாவலர் வரிசையில் எவரும் எளிதில் சேர்க்காத ஒரு கூட்டத்தாரைப் பார்ப்போம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த குடிகாடு, ஈச்சங்காடு, சொனாஞ்சாவடி முதலிய ஊர்களில், இரவு நேரங்களில் மூச்சைத் திணறவைக்கும் நாற்றத்தைப் பற்றி மக்கள் பல ஆண்டுகள் முறையிட்டு வந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையில் இந்திய மக்கள் தீர்ப்பாயம் அவர்களுடைய சாட்சியத்தைக் கேட்டு 2003இல் அறிக்கை அளித்தது. அடுத்த ஆண்டில் ஊராரே ஒரு கண்காணிப்புக் குழுவாக அமைந்து, எந்த நாளில், எந்த மணியில், காற்று எந்தத் திசையிலிருந்து வீசியபோது, எப்படிப்பட்ட நாற்றம் வந்தது என்று குறித்து வைக்கப் பழகினார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். 'ஏதோ நாறுகிறது' என்ற முறையீட்டைப் புறக்கணிப்பது அதிகாரிகளுக்குச் சுலபம். 'அழுகின முட்டை மாதிரி, ராத்திரி பத்து மணிக்கு, மேல்காத்து அடிச்சப்போ' என்ற விவரத்தை அப்படித் தள்ளிவிட முடியாது, ஏனெனில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவின் நாற்றம் அத்தகையதென்று ரசாயனம் படித்த எவரும் அறிவார். சுவாசிக்கும் காற்றைக் காத்துக்கொள்ள முனைந்த இந்த மக்களும், காட்டைக் காத்தவர்களுடன் ஒரே பந்தியில் அமரத்தக்கவர்களே.

தனி மனிதர் ஒருவரின் வாழ்க்கையையும் நேர்காணல் மறதியிலிருந்து மீட்பதுண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்து, படிப்பைவிடக் கடலில் நாட்டம் கொண்டு, இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நடந்தே கடலாமைகளைக் கணக்கெடுத்த சதீஷ் பாஸ்கர், 1982இன் மழைக்காலத்தில் லட்சத்தீவுகளில் மனித வாசமற்ற ஒரு தீவில் தன்னந்தனியே தங்கி, மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட, அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் சிக்கி, தபால் மூலம் உரியவருக்குப் போய்ச் சேர்ந்தது. பல்லாண்டுகள் பொதுவாழ்விலிருந்து விலகியிருந்த அவரைத் தேடிச் சென்று, அவர் வாய்மொழியாகவே கேட்டு, டைரா மலானி 'டர்ட்டில் வாக்கர்' என்னும் ஆவணப்படத்தை உருவாக்கினார். சதீஷ் பாஸ்கர் 2023இல் மறைந்தார்; படம் 2024இல் திரைக்கு வந்தது. கேட்கச் சற்றே தாமதித்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திருக்கமாட்டார்.

வாய்மொழி அனைத்தும் சத்தியம் என்று கொள்வதும் தவறு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பின என்று மக்கள் சொன்னார்கள். 2005இல் 'சயின்ஸ்' பத்திரிகையில் வெளிவந்த ஓர் ஆய்வும் மரங்கள் சேதத்தைக் குறைத்தன என்றது. கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் உயரமுமே அதைவிட முக்கியக் காரணங்கள் என்று வேறு சில விஞ்ஞானிகள் வாதிட்டார்கள். இத்தகைய வழக்கை நேர்காணல் தீர்த்து வைக்காது. அளவையும் ஞாபகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கும்போதுதான் உண்மை துலங்கும்.

ஆகவே கேட்பதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு. மேடைக்கு அழைத்து மாலை போட்டுக் கேட்டால் உபசார வார்த்தைகளே கிடைக்கும். படகிலோ, வலை பின்னும் திண்ணையிலோ, கை வேலையாக இருக்கும்போது கேட்டால் அநுபவம் கிடைக்கும். வெற்றியை மட்டும் விசாரிக்காமல், நட்ட கன்று ஏன் பட்டது, சங்கம் ஏன் பிளந்தது என்றும் கேட்கவேண்டும். வீட்டு ஆண்மகன் பதில் சொல்லி முடித்ததும் எழுந்துவிடாமல், உள்ளே நிற்கும் பெண்மணியையும், 'நீங்க சொல்லுங்கம்மா' என்று கேட்கவேண்டும். எழுதியதைச் சொன்னவருக்கே படித்துக் காட்டி, அவர் சம்மதம் பெற்ற பிறகே அச்சுக்குக் கொடுக்கவேண்டும். ஆமை முட்டையிடும் இடத்தையும் அரிய மூலிகை இருக்கும் இடத்தையும் துல்லியமாக வெளியிட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாக முடியும். ஆலையை எதிர்த்துப் பேசியவரின் பெயரை வெளியிட்டால் அவருடைய பிழைப்புக்கு ஆபத்து நேரும்.

இத்தகைய பதிவுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, அவ்வூர் மக்களைக் கலந்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்கவேண்டும். படிவத்தில் செடி கொடிகளின் பெயரை நிரப்புவதோடு அந்த வேலை முடிந்துவிட்டதாக எண்ணாமல், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவரின் அநுபவத்தையும் நம் ஊராட்சிகள் எழுதிவைக்குமானால், அடுத்த முறை ஒரு காடு பட்டுப்போகும்போது விறகு பொறுக்கிய ஏழையின்மீது பழி போடுவதற்கு முன்னால், அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடும் வழக்கம் நம்மிடையே நிலைபெறும்.