மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு: மூத்தோர் பராமரிப்பை ஒருங்கிணைப்பது எவ்வாறு?

எழுபத்தெட்டு வயதான தாயார் ஒருவர் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளார் எனக் கொள்வோம். சத்திரசிகிச்சை செவ்வனே முடிகிறது. சில நாள்களில், நாளை வீட்டுக்குச் செல்லலாம் என அறிவிக்கிறார்கள். அவரைக் குளிப்பாட்டுவது யார், படியேற்றுவது எப்படி, பழைய மாத்திரைகளுடன் புதியவற்றையும் கொடுக்கலாமா என்னும் வினாக்கள் வீட்டு வாசலில்தான் மகளுக்கு எழுகின்றன. ஒரு சேவை முடிந்து மற்றொன்று தொடங்கும் அந்த இடைவெளியை முன்கூட்டியே நிரப்பும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

யார் எதற்குப் பொறுப்பு?

ரொறன்ரோவில் மூத்தோருக்கான சேவைகள் அனைத்தும் ஒரே அலுவலகத்தின் கீழ் இல்லை. வீட்டுக்கு வரும் தாதி, இயன்மருத்துவர், குளிக்கவும் உடுத்தவும் உதவும் ஆதரவுப் பணியாளர் ஆகியோரை ஒழுங்குசெய்வது ஒன்ராறியோ ஹெல்த் அற்ஹோம் என்னும் மாகாண நிறுவனமாகும். தனித்தனியே இயங்கிய 14 வீட்டுப் பராமரிப்பு அமைப்புகள் 2024 யூன் 28 அன்று இணைக்கப்பட்டு இந்நிறுவனம் உருவானது. நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கான விண்ணப்பங்களையும் இதுவே கையாளுகிறது. மாநகரசபை 10 இல்லங்களை நடத்துகின்றபோதிலும், அவற்றுக்கும் இந்நிறுவனத்தின் ஊடாகவே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு உணவு கொண்டுவருதல், பகல்நேரப் பராமரிப்பு போன்றவற்றைச் சமூக அமைப்புகள் வழங்குகின்றன. அவற்றுக்குக் கட்டணம் அறவிடப்படலாம்.

வீட்டுப் பராமரிப்பைக் கோருவதற்கு மருத்துவரின் கடிதம் கட்டாயமன்று. 310-2222 என்னும் இலக்கத்தைப் பிரதேசக் குறியீடு இன்றி அழைத்து, நீங்களே கோரலாம். தகுதி தேவையைப் பொறுத்தது; வருமானத்தைப் பொறுத்ததன்று. எனினும் ஓஹிப் காப்புறுதி இருத்தல் அவசியம். சுப்பர் விசாவில் வந்துள்ள பெற்றோருக்கு ஓஹிப் இல்லையாதலால், அவர்களது தனியார் காப்புறுதி எவற்றை உள்ளடக்குகிறது என்பதை முன்னரே அறிந்துகொள்ளுங்கள்.

மதிப்பீட்டின்போது உண்மை நிலையைக் கூறுங்கள்

உதவியின் அளவைத் தீர்மானிப்பது பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் நடத்தும் மதிப்பீடாகும். "எனக்கு ஒரு குறையும் இல்லை, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று கூறுவது நம் பெரியோரின் இயல்பு. அச்சொல் அப்படியே பதியப்பட்டால், கிடைக்க வேண்டிய உதவி குறையக்கூடும். பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் நேரம், இரவில் எத்தனை முறை எழுப்ப வேண்டியுள்ளது என்பன போன்றவற்றை ஒரு வாரத்துக்குக் குறித்துவைத்து ஒருங்கிணைப்பாளரிடம் காட்டுங்கள். உரைபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். சிறுநீர் கட்டுப்படாமை போன்றவற்றைப் பேரனின் வாயால் சொல்லவைக்க எந்தப் பாட்டியும் விரும்பமாட்டார்.

மருத்துவமனையை விட்டு நீங்குமுன் கேட்க வேண்டியவை

1. வீட்டுப் பராமரிப்பு எந்நாளில் தொடங்கும்? முதலில் வருபவர் யார்?
2. எந்த மருந்துகள் புதியவை? எவற்றை நிறுத்த வேண்டும்? இப்பட்டியலை எழுத்தில் பெற்று மருந்தாளரிடமும் காட்டுங்கள்.
3. நடைச்சட்டகம், குளியல் இருக்கை போன்றவை எப்போது வந்துசேரும்?
4. குடும்ப மருத்துவருக்கு அறிக்கை அனுப்பப்பட்டதா? அடுத்த சந்திப்பு எப்போது?
5. நிலைமை மோசமடைந்தால் யாரை அழைப்பது?

சம்மதமும் சட்டமும்

பெற்றோரின் மருத்துவத் தகவலைப் பிள்ளைகள் கேட்டவுடன் பெறலாம் என்பது தவறான எண்ணம். 2004ஆம் ஆண்டின் மாகாணத் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தீர்மானிக்கும் ஆற்றலுள்ள ஒருவரின் தகவலைக் குடும்பத்தினருக்குத் தர அவருடைய சம்மதம் வேண்டும். ஆகவே, யாருக்குத் தகவல் தரலாம் என்பதைக் கோப்பில் பதியுமாறு உங்கள் தாயோ தந்தையோ தாமே கேட்டுக்கொள்வது நன்று.

அவ்வாற்றலை இழக்க நேரின், சிகிச்சை குறித்து முடிவெடுக்கும் ஒருவரைப் பராமரிப்புக்கான தத்துவப் பத்திரத்தின் (பவர் ஒஃப் அற்றோர்னி) மூலம் முன்கூட்டியே நியமிக்கலாம். இரு சாட்சிகள் ஒப்பமிட வேண்டும். வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், நியமிக்கப்படுபவர் ஆகியோர் சாட்சிகளாக இருக்க இயலாது. இப்பத்திரமோ நீதிமன்றம் நியமித்த பாதுகாவலரோ இல்லாதவிடத்து, பொதுவாக வாழ்க்கைத்துணைக்கும், அவருக்குப் பின் பிள்ளைகளுக்கும் அவ்வுரிமை செல்லும். பிள்ளைகள் அனைவரும் சமமானவர்கள். மூத்த மகனுக்குத் தனியுரிமை இல்லை. அவர்களிடையே உடன்பாடு ஏற்படாவிடின், முடிவு மாகாணப் பொதுப் பாதுகாவலரிடம் செல்லும்.

வீடு திரும்ப இயலாதபோது

மருத்துவமனைச் சிகிச்சை இனித் தேவையில்லை என மருத்துவர் தீர்மானித்து, நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் தேவைப்படுமாயின், 2022இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தைக் கவனத்திற் கொள்ளுங்கள். சம்மதம் பெற முயன்றும் பெறப்படாவிடின், ஒருங்கிணைப்பாளர் நோயாளி தெரிவு செய்யாத இல்லத்தையும் தெரிவு செய்யலாம். தென் ஒன்ராறியோவில் அது 70 கிலோமீற்றர் தூரம்வரை அமையலாம். அனுமதி கிடைத்து, மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்ட பின்னரும் அங்கேயே தங்கினால், நாளொன்றுக்கு 400 டொலர் அறவிடப்படும். பலவந்தமாக இடம்மாற்ற இச்சட்டம் இடமளிக்கவில்லை. தமிழ் பேசும் பணியாளரும் நம் உணவும் உள்ள இல்லத்தை விரும்புவோர், நெருக்கடி வருமுன்னரே விண்ணப்பிப்பது உகந்தது.

வசிக்குமிடத்திலேயே ஒருங்கிணைப்பு

2022 யூன் 1 முதல் இயங்கும் ரொறன்ரோ மூத்தோர் வீடமைப்புக் கூட்டுத்தாபனம் 83 கட்டடங்களை நிர்வகிக்கிறது. அங்கு வசிப்போருக்குத் தேவையான சுகாதார, சமூக சேவைகளுடன் தொடர்பை ஏற்படுத்தித் தரும் மூத்தோர் சேவை ஒருங்கிணைப்பாளர்கள் கடமையாற்றுகிறார்கள். அங்கு வசிப்பவராயின், உங்கள் கட்டடத்துக்குரியவர் யார் எனக் கேட்டறியுங்கள்.

தேவைப்படும் இலக்கங்கள்

சமூக சேவைகள் பற்றி அறிய 211, தாதியின் ஆலோசனைக்கு 811, மாநகரசபைச் சேவைகளுக்கு 311, உயிராபத்தெனில் 911. அழைத்தவுடன் "தமிழ்" என்று கூறி உரைபெயர்ப்பைக் கேளுங்கள். வீட்டுப் பராமரிப்புக்கான தகுதி மறுக்கப்பட்டாலோ சேவை நிறுத்தப்பட்டாலோ, காரணத்தை எழுத்தில் கோருங்கள். முதலில் முறைப்பாடும், பின்னர் சுகாதாரச் சேவைகள் மேன்முறையீட்டு மீளாய்வுச் சபையில் மேன்முறையீடும் செய்யலாம்.

இறுதியாக ஒன்று: ஒரு குறிப்பேட்டில் மருந்துப் பட்டியலையும், ஒவ்வொரு சேவையாளரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும், பேசிய திகதியையும் எழுதிவையுங்கள். பணியாளர்கள் மாறக்கூடும், அக்குறிப்பேடு உங்கள் கையிலேயே இருக்கும்.